சைக்கிள் குடித்த டீசல்

ஓய்வு பெற்ற மற்றவர்களுக்குக் கல்யாணம், மரணம், சபைக் கூட்டம் என்று போன் வரும். எனக்கு இன்னும் மைலேஜ் என்றுதான் வருகிறது. போன வாரம் அஜின் கூப்பிட்டான். நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த கார் சர்வீஸ் சென்டரில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அவன்.

"அக்கா, சாப்டாச்சா? ஒரு சந்தேகம். இஞ்ச ஒரு கஸ்டமரு கரண்டுல ஓடுக காரு வாங்கியிருக்காரு. மேல ரெண்டு சைக்கிளக் கெட்டிட்டு திருவனந்தபுரம் போனாராம். சொன்ன தூரம் ஓடல்ல, பேட்டரி போச்சுன்னு சண்ட பிடிக்காரு. கம்ப்யூட்டர மாட்டிப் பாத்தாச்சு, பேட்டரி நல்லாத்தான் இருக்கி. என்ன செய்ய?"

"சைக்கிளக் கழத்தி வெச்சிட்டு இன்னொருக்க அதே ரோட்டுல போகச் சொல்லு."

"அம்புடுதானா?"

"அம்புடுதான் மக்கா."

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "சைக்கிளு என்னக்கா பெரிய கனம்?" என்று இழுத்தான். இதே கேள்வியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், ஒரு பெரிய மனிதர் முன்பு என்னிடம் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியால் ஒரு டிரைவருக்கு வேலையும் பெயரும் சேர்ந்தே போகவிருந்தன. போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதி வைக்கிறேன். அஜினும் படிக்கட்டும்.

ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வேலைக்குச் சேர்ந்த புதிதில் போன் எடுக்க வைத்தார்கள். பிறகு வண்டி துடைக்கிற துணி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அதுவே பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் மைலேஜ் புகார்களைத் தூக்கி என் தலையில் கட்டினார்கள். ஆண்கள் யாருக்கும் அது வேண்டாம். இஞ்சின் சத்தம் போட்டால் ஏதோ ஒரு பாகத்தை மாற்றி, பழையதைக் கஸ்டமர் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். மைலேஜ் குறைந்துவிட்டது என்று வருகிறவர் கையில் எதைக் கொடுப்பது?

எனக்கோ அந்த வேலை பிடித்துப்போனது. மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் மூன்றாவது கியரை விட்டு மேலே போகவே மாட்டார். நாலாவதில் வண்டி தன் பேச்சைக் கேட்காதாம். ஒரு சபை ஊழியர் ஞாயிறு பள்ளிக்கு வாங்கிய இரும்பு நாற்காலிகளை டிக்கியில் வைத்தபடியே ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். இறக்கி வைத்தால் பக்கத்துச் சபைக்காரர்கள் இரவல் கேட்பார்களாம். இன்னொருவருக்கு ஒரு மச்சான். இவர் அசந்த நேரம் பார்த்து வண்டியை எடுத்துக்கொண்டு முட்டம் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போய்விடுவான். அவன் வாங்கிய காற்றுக்கு நாங்கள் இஞ்சினைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் ஞானதாஸ் சார். வண்டிகளை 'அவரு' என்பார், ஆட்களை 'அவன்' என்பார். "அவருக்கு மூச்சு விடச் சங்கடமா இருக்கி, ஏர் ஃபில்டரப் பாருங்க. அவன எங்க, கொண்டு வந்தவன?" என்று கஸ்டமர் காதில் விழவே கேட்பார். சர்ச் பாட்டுக் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவர் என்பதால் வேலை நேரத்திலும் உதடு மூடி முனகிக்கொண்டே இருப்பார். முனகல் கேட்கிற வரை எங்களுக்குப் பயம் இல்லை. நின்றால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

மைலேஜ் சோதனைக்கு அவர் வைத்திருந்த முறை சர்ச் ஆராதனை முறையைவிடக் கண்டிப்பானது. முதலில் வண்டிக்குள்ளும் மேலும் உள்ள சாமான் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். "பெத்துப்போட்ட கோலத்துல நிக்கணும் அவரு" என்பார். டயர் சூடாகும் முன் காற்று பார்க்க வேண்டும். பிறகு பக்கத்து பெட்ரோல் பங்க். எப்போதும் ஒரே பம்பு, ஒரே திசையில் நிறுத்த வேண்டும், ஏனென்றால் தரை ஒரு பக்கம் சரிவு. டேங்க் நிறைந்தது என்று குழாய் தானாக நின்றால் அதை நம்பக் கூடாது. டீசல் நுரைக்கும். நுரை அடங்கக் காத்திருந்து, வண்டியை இரண்டு பக்கமும் நின்று தொட்டில் போல ஆட்டி, உள்ளே ஒளிந்திருக்கும் காற்று வெளியேறியதும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். டேங்க் கழுத்தில் டீசல் கண்ணுக்குத் தெரிந்தால்தான் மூடி போடலாம்.

அதன் பிறகு சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி பக்கம் போய்த் திரும்ப வேண்டும். ஏசி கிடையாது, கண்ணாடி திறக்கக் கூடாது. முள் அறுபதைத் தாண்டினால் சார் தொண்டையைச் செருமுவார். கஸ்டமரோ அவருடைய ஆளோ கூடவே வர வேண்டும். திரும்பி வந்து அதே பம்பில், அதே ஆட்டம், அதே கழுத்து வரை நிரப்பி, எவ்வளவு பிடித்தது என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும். ஆரல்வாய்மொழிச் சாலை பக்கம் மட்டும் அவர் வண்டியைத் திருப்பவே மாட்டார். "அங்க காத்து கட்சி சேரும். டெஸ்ட் சுத்தமா இருக்காது." நான் ஆரல்வாய்மொழிக்காரி. இரண்டு மலைக்கு நடுவில் காற்று புகுந்து வரும் கணவாய் அது. ஆடி மாதம் எங்கள் ஊரில் குடை விரிக்கிறவர் வெளியூர்க்காரர் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். அதனால் சார் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது.

அப்படி ஓர் ஆடி மாதத்தில்தான் ஐசக் முதலாளி வந்தார். தக்கலையில் ரப்பர் ஷீட் வியாபாரம். பெரிய டீசல் வண்டி. அதை ஓட்டி வந்தவர் சாகுல் ஹமீது அண்ணன், திருவிதாங்கோட்டுக்காரர், அந்த வீட்டில் பல வருட டிரைவர். முதலாளி அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என் மேஜை மீது சாய்ந்தார்.

"மேடம், ரெண்டு மாசமா டீசல் கால்வாசி கூடுதலாப் போவுது. வண்டியில கொழப்பம்னா சொல்லுங்க, என்ன செலவானாலும் செய்யிலாம். வண்டி சரியா இருக்குன்னா, நாளையிலேருந்து சாகுல வரண்டாம்னு சொல்லீருவேன். ஒங்க வாயால தெரிஞ்சாப் போரும்."

எட்டிப் பார்த்தேன். வண்டியின் கூரை மேல் கேரியர் போட்டு, இரண்டு பந்தய சைக்கிள்கள் நிமிர்ந்து நின்றன.

"மேல சைக்கிளு எப்பமும் இருக்குமா?"

"பிள்ளையளுக்கது. ரெட்டப் பிள்ளைய, போட்டிக்கு ஓட்டுகாளுவ. ஆரல்வாய்மொழி வழியா காவக்கிணறு தாண்டி நாலுவழிச் சாலையில பிராக்டீசு. ஏத்தி எறக்குனா பெயிண்டு போவும்னு ரெண்டு மாசமா அப்படியே நிக்கி." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சைக்கிளு என்ன பெரிய கனம், மேடம்? ரெண்டும் சேந்து ஒரு கெட்டு ரப்பர் ஷீட்டுக்கு வராது. மலையிலேருந்து இதே வண்டியில ஷீட்டு நெறச்சுக் கொண்டு வந்திருக்கேன். அப்பம் கொறையாத மைலேஜ் இப்பம் கொறையுமா?"

அது சரி என்றே எங்களுக்கும் பட்டது. வாழ்நாள் முழுக்கக் கட்டுக் கட்டாக ரப்பர் ஷீட் எடை போட்டவர் அவர். எங்கள் ஷெட்டிலும் பாரம் என்றால் கனம், கனம் என்றால் கிலோ. இரும்பு நாற்காலிகளைக் கண்டுபிடித்த பெருமையில் இருந்தவர்கள்தானே நாங்களும்.

முறைப்படி சாமான் இறக்கினார்கள். சைக்கிள்களை யாரையும் தொட விடாமல் சாகுல் அண்ணனே இறக்கினார். கேரியரையும் அவரே கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். முதலாளி ஏசி அறையில் டிவி பார்க்க உட்கார்ந்துவிட, சார் வண்டியை எடுத்தார். நானும் சாகுல் அண்ணனும் பின் இருக்கையில்.

சுசீந்திரம் தாண்டியதும் சாகுல் அண்ணன் சாருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "மேடம், சொன்னா சிரிக்கப்படாது. மைலேஜ் கொறச்சு வரணும்னு தர்காவுல நேந்திருக்கேன்."

என் சர்வீஸில் வண்டி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்ட மனிதர் அவர் ஒருவர்தான். சிரிப்பு வரத்தான் செய்தது. அடுத்து அவர் சொன்னதில் அது நின்றுபோனது.

"நான் டீசல் திருடுகேன்னு ஊருல பேசுகது கெடக்கட்டும் மேடம். எனக்க பெண்டாட்டி வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல்ல. ஆனா தோய்க்க எடுக்கும்போ எனக்க சட்டைய மோந்து பாக்கா. டீசல் மணம் அடிக்குதான்னு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பங்குக்குத் திரும்பி, ஆட்டி, நுரை அடக்கி, கழுத்து வரை நிரப்பினோம். மைலேஜ் அமோகமாக வந்தது. புதிய வண்டியே அவ்வளவு கொடுக்காது. வண்டியை ஆட்டப் பங்குக்கு வந்திருந்த மெக்கானிக் பையன்கள் வழக்கம்போலக் கைதட்டினார்கள். சாகுல் அண்ணன் பம்பில் வந்த எண்ணைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார். "நல்ல வண்டி" என்றார். அதை அவர் மனதாரச் சொன்னார் என்பதுதான் எனக்கு வேதனையாக இருந்தது.

வந்தபடியே வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் சாரின் விதி. வேலை போகப்போகிற மனிதர், கேரியரைப் பூட்டி, சைக்கிள்களை மேலே ஏற்றி, நாடாவை இழுத்து இழுத்துக் கட்டினார். சார் முதலாளியிடம் முடிவைச் சொல்ல ஏசி அறைப் பக்கம் நடந்தார். நான் கேட் அருகே நின்றிருந்தேன். ஆடிக் காற்று ஓர் அடி அடித்தது. என் முந்தானை முகத்தில் வந்து விழுந்தது. அதை விலக்கினால், கட்டிய நாடா விர்ரென்று துடித்துப் பாடிக்கொண்டிருந்தது. சைக்கிள்கள் சாய்ந்து நிமிர்ந்தன. அவற்றோடு சேர்ந்து, நின்றுகொண்டிருந்த அவ்வளவு பெரிய வண்டியும் லேசாக ஆடியது.

நிற்கும்போதே இப்படி என்றால் ஓடும்போது?

"சாரே!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அந்த ஷெட்டில் நான் ஓடியது அன்றுதான். "சாரே, நாம இந்த வண்டிய டெஸ்ட் பண்ணல்ல."

"பின்ன ஆருக்க வண்டியப் பண்ணினோம்?"

"சைக்கிளு இல்லாத வண்டிய. கனமில்ல சாரே, காத்து. இது ஆரல்வாய்மொழியில காத்துக்குள்ள போற வண்டி. நாம அத எறக்கி வெச்சிட்டு, காத்தில்லாத ரோட்டுல அறுபதுல போயிட்டு வந்திருக்கோம்."

முனகல் நின்றது. சார் வண்டியைப் பார்த்தார், மேலே சைக்கிளைப் பார்த்தார், வெகுநேரம் தன் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். பெற்றுப்போட்ட கோலம் என்கிற விதி அவர் பெற்றுப்போட்ட விதி. அதைத் தொட யாருக்கும் துணிவு இருந்ததில்லை. நேராக ஏசி அறைக்குள் போனார்.

"முதலாளி, இன்னும் ஒண்ணும் முடிவாகல்ல. எழும்புங்க. இந்த மட்டம் நீங்க ஓட்டணும்."

"நானா?"

"நீங்கதான். சாகுலுக்க காலு ஆக்சிலேட்டர்ல இருந்துதுன்னு பொறவு ஒரு பேச்சு வரப்படாது பாருங்க."

முதலாளி ஓட்ட, பக்கத்தில் சார், பின்னால் நாங்கள் இருவரும். டேங்கை நிரப்பிக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றிப் போகும்போது எந்த வேகமோ அந்த வேகத்தில் ஆரல்வாய்மொழிச் சாலையில் வள்ளியூர் வரை. போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. முதலாளி உற்சாகமாகிவிட்டார். "எங்க மேடம் காத்து?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஊர்க்காரி, வண்டி திரும்பட்டும் என்று இருந்தேன்.

திரும்பும்போது எங்கள் ஊரை ஒட்டிய முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே எதிர்க்காற்று பிடித்தது. கூரை மேல் கூட்டமாக ஆட்கள் ஏறி நின்று ஊளையிடுவது போலச் சத்தம். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது. முதலாளி கியரைக் குறைத்தார், காலை அழுத்தினார். "என்னவே இது, ஏற மாட்டேங்குகு?" என்று யாரிடமோ கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன். "காருக்க மூக்கு காத்தக் கிழிக்க மாதிரிதான் செஞ்சிருக்காவ, முதலாளி. சைக்கிளு அப்படியில்ல. சக்கரம், கம்பி, ஹேண்டில்பாருன்னு ஒவ்வொண்ணும் காத்தப் பிடிச்சு நிறுத்தும். டவுனுக்குள்ள ஊர்ந்து போகும்போ ஒண்ணும் தெரியாது. வேகம் கூடக் கூட டீசல் முச்சூடும் காத்தத் தள்ளத்தான் போவும். பொறத்தால கெட்டினா காருக்க மறைவுல கொஞ்சம் தப்பிக்கும். நெட்டக்குத்தலா மேல நிறுத்தினா தப்பிக்காது. வெறும் கேரியர விட்டு வெச்சாக்கூட கொஞ்சம் பிடிக்கும்."

பங்கில் நிறுத்தியதும் முதலாளி தானே இறங்கி, குழாய் போகிற இடத்தில் போய் நின்றுகொண்டார். டீசல் போனது. போய்க்கொண்டே இருந்தது. இந்தத் தூரத்துக்கு என்று சார் கணக்குப் போட்டுச் சொன்ன எண்ணைத் தாண்டி ஓடியதைப் பார்த்த முதலாளி, "நிக்கல்லியே" என்றார். முதல் ஓட்டத்தின் கணக்கைவிடக் கால்வாசிக்கும் சற்றுக் கூடுதலாகவே டீசல் போயிருந்தது. அவர் சொல்லிக்கொண்டு வந்த அதே கால்வாசி.

ஞானதாஸ் சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "முதலாளி, வழியில எங்கயாவது நிறுத்தி டீசல எடுத்து வித்தியளா?"

பங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. சாகுல் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காத்து அடிச்சதுனாலயும் இருக்கலாமில்லியா," என்றார் முதலாளி கடைசியில். "சைக்கிளு இல்லேன்னாலும் அதே காத்துதான?"

"நியாயமான கேள்வி," என்றார் சார். "கழத்துங்க."

சைக்கிள்களையும் கேரியரையும் இறக்கினோம். சாகுல் அண்ணன் அவற்றுக்குக் காவலாகப் பங்கிலேயே உட்கார்ந்துகொண்டார். மறுபடியும் வள்ளியூர், மறுபடியும் அதே எதிர்க்காற்று, அதே கால். வண்டி வழுக்கிக்கொண்டு வந்தது. திரும்பி வந்து நிரப்பியபோது, நாங்கள் எதிர்பார்த்ததற்கும் முன்னாலேயே குழாய் நின்றுவிட்டது. சார் விடவில்லை. நுரை அடங்கக் காத்திருந்தார், ஆட்டினார், சொட்டு விட்டார். கழுத்தில் டீசல் பளபளத்தது. காற்றுக்கென்று கொஞ்சம் போயிருந்தது, அவ்வளவுதான். மிச்சம் முழுவதும் சைக்கிள் குடித்தது. சாரின் முனகல் மறுபடி ஆரம்பித்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

சாகுல் அண்ணன் சைக்கிள்களை மறுபடி மேலே ஏற்றப் போனார். முதலாளி தடுத்து, தானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். கட்டி முடித்ததும் சாவியை நீட்டினார். "சாகுலே, வண்டிய எடு. போலாம்."

சாகுல் அண்ணன் வாங்கவில்லை.

"இல்ல முதலாளி. நீங்க கொண்டு போங்க. நான் பஸ்ஸுல போறேன்."

"என்னத்துக்கு? அதான் எல்லாம் தெளிஞ்சாச்சே."

"தெளிஞ்சாச்சு. வண்டிகிட்ட மூணு தடவ கேட்டாச்சு." அவர் குரல் உயரவே இல்லை. "எங்கிட்ட ஒரு தடவ கேட்டியளா, முதலாளி? சாகுலே, நீ எடுத்தியான்னு?"

டீசல் போட வந்த ஆட்டோக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியின் நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் கெட்ட மனிதர் இல்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லாதவர், அவ்வளவுதான்.

"தப்பு எனக்க பேருலதான், சாகுலே," என்றார். "பொறுத்துக்க."

"எனக்குப் போரும் முதலாளி. நான் பொறுத்தாச்சு." சாகுல் அண்ணன் தன் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். "ஆனா இத நீங்க எனக்க வீட்டுல வந்து சொல்லணும். நான் சொன்னா அவ நம்பினாலும் நம்பாத மாதிரிதான் எனக்கு இருக்கும்."

முதலாளி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நீட்டிய சாவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சுற்றிப் போய், முன் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறு. இப்பமே போலாம்."

சாகுல் அண்ணன் எங்களைப் பார்த்தார். சார் தலையசைத்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைக் காட்டினேன். வண்டி பங்கை விட்டு இறங்கி, திருவிதாங்கோட்டுக்குப் போகத் தக்கலைச் சாலையில் திரும்பியது. ஓட்டியது முதலாளி. பக்கத்து இருக்கையில், ஓட்டிப் பழகிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், சாகுல் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.